பாக்கி

மாசி பிறந்தது. பரிசுப் பட்டியலும் வந்துவிட்டது.
முப்பத்தொரு படம்,
என் கையில் இருபத்தெட்டு ராத்திரி.
காரைக்குடி ஐந்து விளக்குப் பக்கம்
விடிய விடியத் திறந்திருக்கும் மருந்துக்கடை என்னுடையது.
கல்லாவுக்குக் கீழே, பஞ்சுப் பொட்டலத்தில்
சாய்த்து வைத்த டேப்.
ஒரு காதில் ஒயர்;
மறு காது வாடிக்கையாளருக்கு.

இடைவேளையை முடிவு செய்வது யாருடைய இருமலோ.
கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தபடி ஒருத்தி
பேதி மாத்திரை விற்று முடியும்வரை
அப்படியே நின்றிருக்கிறாள்.

மருந்துக் கம்பெனி கொடுத்த பழைய டைரியில் மார்க் போடுவேன்.
நடிப்பு ஏழு. வெளிச்சம் ஒன்பது.
கோதுமை வயலில் ஒற்றைச் செருப்பைத் தேடும் படத்துக்கு
பொறுமை என்று ஒரு கட்டம் புதிதாகக் கிழித்து
எனக்கே பத்துப் போட்டுக்கொண்டேன்.

எதிரே பரோட்டா போடும் சேவுகன்
ஒரு படமும் பார்க்க மாட்டான்.
போஸ்டரைப் பார்த்துப் பந்தயம் கட்டுவான்.
போன வருஷம் ஜெயித்தது அவன்தான்.

ஒருநாள் கானாடுகாத்தான் ஷூட்டிங்கிலிருந்து ஒரு பையன்
கண்ணுக்குச் சொட்டு மருந்து கேட்டு வந்தான்.
புகை போட்டே கொல்றாங்க அண்ணே என்றான்.
படத்தின் பேர் கேட்டேன்.
இன்னும் வைக்கலையாம்.

ஒன்பதாம் ராத்திரியில் உமையாள் வந்தார்.
வயிரவன், அறுபத்தொன்று, ஆண்
என்று சீட்டில் இருந்தவரின் மனைவி.
குளிரில் வைக்க வேண்டிய ஊசி.
வீட்டில் ஃபிரிட்ஜ் கெட்டுப்போயிருந்ததால்
மொத்தத்தையும் என் கடையில் வைத்துவிட்டு
தினம் ஒன்று, பன்னிரண்டே முக்காலுக்கு,
கழனிவாசலிலிருந்து ஸ்கூட்டியில் வந்து எடுத்துப்போவார்.

ஐஸ் கட்டி போட்டுக் கட்டித் தரும் நேரத்தில்
எட்டிப் பார்த்தார்.
"இது என்ன ஊரு, இப்படிக் கொட்டுது?"
ஊர் எனக்கும் தெரியாது.
பனிக்குள் ஒரு ரயில்வே கேட்.
கொடியோடு ஒருத்தி.
வருஷக்கணக்காக ரயில் வராத தடம்.
மூன்று மணி நேரத்தில் நாற்பது வரிப் பேச்சு.

அவர் நின்று பார்ப்பது பத்து நிமிஷம், சில நாள் பன்னிரண்டு.
மிச்ச ராத்திரியில் நான் வேறு படங்களை முடித்தேன்.
அதை மட்டும்
அவர் விட்ட இடத்தில் விட்டுவைத்தேன்.
யாரும் சொல்லி வைத்துக்கொள்ளவில்லை.
அம்மனுக்குக் காப்புக் கட்டி ஒலிபெருக்கி அலறிய நாளிலும்
நாங்கள் இருவரும்
தண்டவாளத்தில் பனி விழும் சத்தத்தைக்
கேட்க முயன்றோம்.

பதினோரு நிமிஷம் இருக்கும்போது
அவர் வருவது நின்றது.
பேர் ஒட்டிய நான்கு ஊசி
ஃபிரிட்ஜில் அப்படியே.

திங்கட்கிழமை விடிகாலை, பால் வண்டி போகும்போது
மேடையில் பேர் பேராக வாசித்தார்கள்.
கேட்காரிக்கு நடிப்பில்லை. படத்துக்கில்லை.
ஒலிக்கு மட்டும் ஒன்று.

பங்குனி முதல் வாரம், பட்டப்பகல்.
உமையாளைப் பகலில் பார்த்ததில்லை,
சட்டென்று அடையாளம் தெரியவில்லை.
"பாக்கி எவ்வளவு?" என்றார்.
நான்தான் தர வேண்டும், நான்கு ஊசிக்கு, என்றேன்.
வாங்கி எண்ணாமல் பைக்குள் வைத்தார்.
போகப் போனவர் திரும்பினார்.

"அந்த ரயில் படத்துக்குக் குடுத்தாங்களா?"
"சத்தத்துக்கு மட்டும்."
"அதுல சத்தமே கிடையாதே!"
சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.
வந்ததற்குத் திடுக்கிட்டு வாயைப் பொத்தினார்.

"தினம் போயி அவருக்குக் கதை சொல்லுவேன்.
கடைசி நாளு கேட்டாக, ரயில் வந்துச்சான்னு.
வந்துருச்சு,
நம்ம தேவகோட்டை ரஸ்தாவுல நிக்கிற மாதிரி
ரெண்டு நிமிஷம் நின்னுட்டுப் போச்சுன்னு சொல்லிட்டேன்.
படத்துல வருதாங்க?"

"தெரியல. இன்னும் பாக்கல."

தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

டைரியில் முப்பது படத்துக்கு மார்க் இருக்கிறது.
முப்பத்தொன்றுக்கு நேரே
வந்தது என்று எழுதினேன்.
எதிரே சேவுகன்
பந்தயப் பணத்துக்குக் கை நீட்டுகிறான்,
முழங்கை வரை மாவு.