ஒரு கோடு கூடுதல்

குன்னூர்க் கல்லறைகளில் பெயர் வெட்டுவது என் பிழைப்பு.
எழுத்துக்கு இருபத்தெட்டு ரூபாய்,
புள்ளிக்கும் சிலுவைக்கும் தனி விலை.

நெலிமொக்கை வளைவில்,
மினிபஸ் திரும்ப மூச்சு வாங்கும் இடத்தில்,
சாய்த்துப் பதித்த ஒரு பலகைக்கல்.
பேர் ஒன்றும் கிடையாது அதில்.
இவ்வூரிலிருந்து பெரும்போருக்குப் போனவர் இத்தனை,
திரும்பாதவர் இத்தனை.
இங்கிலீஷில் இரண்டே வரி, ரோமன் எண்ணில் கணக்கு.
காட்டெருமைகள் முதுகு சொறிந்து
ஒரு மூலை மட்டும் பளபளவென்றிருக்கிறது.
மீதியெல்லாம் பாசி:
சாம்பல், மஞ்சள்,
தோசையின் தீய்ந்த ஓரம்போல் ஒரு பழுப்பு.

உதவிப் பொறியாளர் ஞானசிகாமணி
குடைக்குள் நின்று உத்தரவை வாசித்தார்:
அமிலம் கூடாது. கம்பித்தூரிகை கூடாது.
மூல வடிவத்துக்கே மீட்க வேண்டும்.
மூல வடிவம் என்று ஒரு போட்டோ நகலும் தந்தார்,
கல் திறந்த அன்று எடுத்தது.

மூன்று நாள், தண்ணீரும் மூங்கில் சீவலும்.
பாசிக்கு அவசரமில்லை.
நூறு வருஷம் பிடித்துவைத்ததை
நகக்கண் அளவுதான் விட்டுக்கொடுத்தது.
தேயிலை ஃபேக்டரி சங்கு ஊதும்போதெல்லாம்
கையை அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டேன்.

நாலாம் நாள் கடைசி எண்ணுக்கு வந்தேன்.
போட்டோவில் ஆறு.
கல்லில் ஏழு.
ஐந்துக்கு ஒரு பிளவு, ஒன்றுக்கு ஒரு கோடு,
அதற்குப் பக்கத்தில் இன்னொரு கோடு,
கொஞ்சம் குட்டை, கொஞ்சம் சாய்வு,
வரிசையில் இடமில்லாமல் ஒண்டி நிற்கிற ஆள்போல.

வெட்டுத்தடம் என்னிடம் பொய் சொல்லாது.
மற்ற எழுத்துகள் உளி போன வழி:
பக்கங்கள் சரிந்து அடியில் கூர்மை.
இது உளியில்லை.
லாட ஆணியாக இருக்கலாம்.
கல்லால் அடித்து அடித்து
புள்ளி புள்ளியாய்க் குத்திக் கோடாக்கியது.
இரண்டு இடத்தில் ஆணி வழுக்கியிருக்கிறது.
பழக்கமில்லாத கை. அல்லது இருட்டு.
அல்லது இரண்டும்.

பொறியாளரின் கோப்பில் ஒரு மனு இருந்தது,
பெருவிரல் ரேகை வைத்தது.
ஹாலன் பெண்டாட்டி மாதி எழுதிக்கொண்டது:
என் புருஷன் பஸ்ராவில் கோவேறு கழுதை ஓட்டினவர்.
வந்தார். அவரோடு இருமலும் வந்தது.
கல் திறந்து பதினேழாம் நாள் போய்விட்டார்.
அவரையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேணும்.

ஓரத்தில் சிவப்பு மையில் பதில்:
திரும்பி வந்தவர் திரும்பாதவர் ஆகமாட்டார்.

அவளே குத்தினாளா,
கூடப் போய் வந்த யாராவதா, தெரியாது.
கோப்பு அதற்குப் பிறகு
சாலையோரச் சாக்கடைக்குத் தாவிவிடுகிறது.

பொறியாளர் சொன்னார்:
"அந்தக் கோட்டைக் கல்பொடி பிசைந்து அடைத்துவிடுங்கள்.
போட்டோவில் இல்லையே."

நகலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன்.
தலைப்பாகைக்காரர்கள் இரண்டு வரிசை, நடுவில் ஒரு துரை.
பின்வரிசை ஓரத்தில் ஒருவன்
வாயைத் துணியால் பொத்தியிருக்கிறான்.
அவன்தான் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன்.
ஆனால் சொன்னேன்:
"போட்டோ எடுத்த அன்று
அந்த ஆள் உயிரோடு இருந்தார், சார்.
படத்தில் ஆறுதான் இருக்கும்."

அவர் ஒன்றும் பேசவில்லை.
குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.
கோட்டின்மேல் பெருவிரலை வைத்து
சற்று நேரம் அழுத்தினார்.
பிறகு ஜீப்புக்குப் போய்விட்டார்.

ஆழப்படுத்தவும் எனக்கு மனம் வரவில்லை.
என் உளி பட்டால் அது என் கோடாகிவிடும்.
ஈரத்துணியால் ஒற்றினேன், அவ்வளவுதான்.
பில்லில் எழுதினேன்:
எழுத்துகள் நூற்றுப் பதினொன்று.
கோடு ஒன்று, வேலை செய்யவில்லை, கூலி இல்லை.

சாமான்களைக் கட்டும்போது மழை பிடித்தது.
உளி வெட்டுகள் ஆழம், மெதுவாக நிரம்பின.
ஆணிக்கோடு மேலோட்டம்.
முதல் தூறலிலேயே நிரம்பி
பக்கத்துக் கோட்டுக்குள் வழிந்தது.