இடவலம்

நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது தார்த்துவில்.
கோட்டில் தொங்கும் ரிஃப்ளெக்டர் வில்லை
பேருந்தின் வெளிச்சத்தில் ஒருமுறை விழித்து
மறுபடி தூங்கிப்போகிறது.

பல் பட்டறையில் இந்த வருஷத்து வேலை இன்றோடு முடிந்தது.
கடைசியாகச் செய்தது ஒரு கடைவாய்ப்பல்.
சீட்டில் ஹெல்வி என்று எழுதியிருந்தது.
பண்டிகைக் கறியை அவர் எந்தப் பக்கம் மெல்லுவார்
என்பது எனக்குத் தெரியும்.
முகம் தெரியாது.

மெழுகுக் கத்தியைக் கழுவித் துடைத்து
என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.
முதலாளி பார்த்தார்.
பார்க்காதவர் போல
இரண்டு ஆரஞ்சுகளை நீட்டினார்.

வீட்டில் அந்தக் கத்திக்கு வேறு உத்தியோகம்.
ரேடியேட்டர் மேல் கால்மணி நேரம் கிடந்த
லினோலியத் துண்டு
வெண்ணெய் போல வழிவிடும் அதற்கு.
போன பிப்ரவரியில் வாங்கிய குயவர் சக்கரத்தில்
இப்போது காலுறைகள் காய்கின்றன.
செப்டம்பரில் பின்னத் தொடங்கிய கையுறை
ஒன்றோடு நின்றுவிட்டது.
இந்தக் குளிருக்கு
என் இடது கை மட்டும் கொடுத்துவைத்தது.
இதையாவது முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

வாசல் கம்பியில் பூட்டிக் கிடக்கும்
மாடிவீட்டு ஊர்மஸின் சைக்கிள்.
அதன் இருக்கையில் ரொட்டி உப்பியது போல் பனி.
கீழே, எங்கள் மொழியில்
புத்தாண்டு வாழ்த்தின் மூன்று சொற்கள்.
ஜன்னல் வழியே பார்த்தபடி பார்த்தபடி செதுக்கினேன்.
கட்டைவிரலில் ஒரு கீறல்.
அதைச் சப்பிக்கொண்டே மை தடவினேன்.
கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்து
அட்டைகளைத் துணிக்கொடியில் மாட்டினேன்.

ஒன்பதாவது அட்டையில்தான் உறைத்தது.

நாளெல்லாம் அச்சுக்குள் கை விடுகிறவள் நான்.
அடுத்தவர் வாயின் வலம் எனக்கு இடம் என்று
தூக்கத்திலும் சொல்வேன்.
அப்படிப்பட்ட நான்
எழுத்துகளைத் திருப்பிச் செதுக்க மறந்திருக்கிறேன்!
குற்றம் என்னுடையது மட்டுமில்லை.
பெரிய எழுத்தில் எழுதினால்
அந்த வாழ்த்தில் பாதிக்கு மேல்
எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே முகம்.
பதின்மூன்றில் மூன்றுதான் காட்டிக்கொடுத்தன:
ஓர் ஈ, ஒரு டி, ஓர் எஸ்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்தாலும்
தப்பியிருக்கும்.
பழகிய சொல்லைக் கண் எங்கே வாசிக்கிறது,
நினைத்துக்கொள்கிறது.

வேறு லினோ இல்லை.
கடை ஜனவரியில்தான் திறக்கும்.
மிச்சப் பதின்மூன்று அட்டைகளையும்
அப்படியே அச்சடித்தேன்.
அக்கா காய்டிக்கு ஒன்று,
முதலாளிக்கு ஒன்று,
முகவரி இருந்திருந்தால்
அந்த ஹெல்விக்கும் ஒன்று போட்டிருப்பேன்.

முப்பதாம் தேதி குப்பை கொட்டப் போனபோது
படியில் ஊர்மஸ்.
சொல்லப்போகிறார் என்று தெரிந்ததும்
வாளியைப் பார்த்துக்கொண்டேன்.
"மாரிக்கா, உன் அட்டை
என் குளியலறையில் இருக்கிறது.
கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில்.
சவரம் செய்யும்போது நேராக வாசிக்க முடிகிறது.
சைக்கிள்கூட
சரியான பக்கம் சாய்ந்திருக்கிறது."

கேலியா என்று பார்த்தேன்.
இல்லை. தாடையில் நுரை கொஞ்சம் ஒட்டியிருந்தது.

கோட்டுப் பையில் ஆரஞ்சு ஒன்று மிச்சமிருந்தது.
கொடுத்தேன்.
படியிலேயே உட்கார்ந்து உரித்தார்,
தோல் அறுபடாமல், ஒரே சுருளாக,
இடது கையால்.

ஆறு வருஷமாக மேல்வீட்டுக்காரர்.
இன்றுதான் பார்க்கிறேன்.