சுடர் உதிர்ந்த இடம்

மதியம் இரண்டு மணிக்கே விளக்குப் போடவேண்டியிருந்தது.
பெந்தெலி மலை எரிகிறது.
அருங்காட்சியகத்துச் சன்னல் விளிம்பில்
பைன் ஊசிகளின் சாம்பல்.
விரல் வைத்தால் ஊசியின் வடிவம் ஒரு கணம் நின்று
பிறகு இல்லாமல் போகிறது.

என் மேசையில்,
உள்ளங்கையளவு ஓட்டில் ஓடுகிறான் ஒருவன்.
முழங்காலுக்குக் கீழே உடைந்துபோனவன்.
ஆனாலும் ஓட்டம்தான், தொடையைப் பார்த்தால் தெரியும்.
கையில் பந்தம்.
பந்தத்தின் தலையில் ஒன்றுமில்லை.
கருப்பு.

விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன்.
வெளிச்சம் ஓட்டின்மேல் படுத்து நகர்ந்தபோது
பளபளக்கும் கருப்பில்
பளபளக்காத மூன்று நாக்குகள்.

வரைந்தவனுக்கு நானே ஒரு பெயர் வைத்திருக்கிறேன்,
லூக்கிஸ்கோஸ் என்று. கையெழுத்தில்லாத கூலிக்காரன்.
மண்கரைசலால் இருட்டைப் பூசினான்,
உடம்பை மண்ணின் நிறத்திலேயே விட்டான்,
நெருப்புக்கு மட்டும் காவிக்கல் அரைத்து
மேலே தனியாகத் தீட்டினான்.
வெடிக்கவைக்கும் பேய்களை விரட்ட
சூளை வாயில் கோரமுகம் ஒன்றைத் தொங்கவிட்டிருப்பான்.

உள்ளே மூன்று முறை மனம் மாறியது தீ.
முதலில் எல்லாவற்றையும் சிவக்கவைத்தது.
மூச்சை அடைத்ததும் எல்லாவற்றையும் கருக்கியது.
திரும்பக் காற்று விட்டபோது
உடம்புக்கு மட்டும் அதன் சிவப்பைத் திருப்பிக் கொடுத்தது.
கருப்பு கண்ணாடியாய் இறுகிவிட்டது.
காவி ஒட்டவில்லை.
தன் படத்தை மட்டும்
தீ அரைகுறையாய்ச் சுட்டிருக்கிறது.

பக்கத்துத் தட்டில் கொல்லர்களின் தெய்வம்,
கழுதைமேல், குடித்திருக்கிறது,
ஒரு பாதம் பின்பக்கமாகத் திரும்பியிருக்கிறது.
உலை அருகே நின்று நின்று
தெய்வத்துக்கும் தாகம் எடுக்கும்.

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள்.
எரிதலையே பிடுங்கிவந்தவன் ஒருவன்,
பெருஞ்சீரகத் தண்டுக்குள் தணலை ஒளித்து.
வெளியே பச்சை, உள்ளே திருட்டு.
அவன் பலிபீடத்தில்தான்
இந்தப் பந்தம் பற்றவைக்கப்பட்டிருக்கும்.
அங்கிருந்து நகர்வரை பந்தயம்.
முந்தினால் மட்டும் போதாது,
சுடர் அணைந்தால் தோற்றவன்.
பின்தங்கியவனின் புட்டத்தில்
குயவர் தெரு மொத்தமும் அறையும்.

எல்லாக் கைப்பேசிகளும் ஒரே குரலில் அலறின.
உடனே வெளியேறவும்.

ஸ்தெர்யோஸ் தட்டுகளை எண்ணத் தொடங்கினான்.
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.
அவன் வீடு மலைப்பக்கம்.
நாற்பத்து மூன்று.
எண்ணிக்கை தவறவில்லை.
அந்தூசா குழாய்நீரில் துணிகளை நனைத்து
ஆளுக்கொன்றாய் நீட்டினாள்.

இந்தக் கட்டடத்தில்
தீக்குப் பயப்படவேண்டாதவன்
மேசைமேல் இருக்கும் இவன் ஒருவன்தான்.
வெந்து முடித்தவன்.
என் கையில் தோல், என் பையில் காகிதம்,
ஸ்தெர்யோஸின் முற்றத்தில் ஒலிவ மரம்.
இருந்தும் இவனைத்தான் பஞ்சில் சுற்றினேன்,
சளி பிடித்துவிடும் என்பதுபோல.

மின்தூக்கியை நிறுத்திவிட்டார்கள்.
நான்கு மாடி.
படிக்கட்டு முழுக்கப் பழுப்புநிற வெளிச்சம்,
பாதி எரிந்த ஒரு ஞாயிறு போல.
நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினேன்
அணைந்த பந்தத்தை.

இரண்டாவது மாடித் திருப்பத்தில்
கால் தயங்கியது.
யாரோ பின்னாலிருந்து
முதுகில் பளாரென்று அறைந்தார்கள்,
ஓடு.