மூன்று காவிரி பாக்கி

எங்கள் ஊரில் ஏறுவது என்றால்
விலை ஏறும், வட்டி ஏறும்,
ஐப்பசியில் வாசற்படி வரை தண்ணீர் ஏறும்.
மனிதர் ஏறத் திருத்துறைப்பூண்டியில்
ஒரு மேல்நிலைத் தொட்டி. அவ்வளவுதான்.

மேட்டுத் தெரு என்று ஒன்று உண்டு.
நானே லெவல் போட்டுப் பார்த்திருக்கிறேன்:
எங்கள் தெருவைவிட நாற்பது சென்டிமீட்டர் உசத்தி.
அதற்கே அவர்கள் பேச்சில் ஒரு மிதப்பு.

பத்தொன்பது வருஷமாக வாய்க்கால் அளக்கிறேன்.
கல்லணையிலிருந்து கடல் மட்டும்
மொத்த இறக்கமே அறுபது மீட்டர் சொச்சம்.
அதற்குள்தான் இத்தனை ஆறு, இத்தனை மதகு,
இத்தனை வழக்கு, இரண்டு வெட்டுக்குத்து.

நாற்பத்து நாலு வயதில்
மலை ஏறப் பணம் கட்டினேன்.
ஏன் என்றார்கள் ஆபீசில்.
"சரிவு எப்படி இருக்கும்னு பார்க்கணும்."
டிராயிங் பிரிவு அந்தோணிராஜ் மட்டும் சிரிக்கவில்லை.

முதுகுப் பையில் பத்து கிலோ பொன்னி.
விடியுமுன் தொட்டியின் நூற்றுப் பதினெட்டுப் படி
ஏறி இறங்கி, ஏறி இறங்கி.
"எதையோ தொலைச்சுட்டுத் தேடுறீங்க போல,"
மோட்டார் போடும் வீரமணி.
உச்சிப்படியில் நின்றால் நாலு பக்கமும் நாற்று,
எங்கோ போகும் வேளாங்கண்ணி பஸ்ஸின் வெளிச்சம்,
மறைக்க ஒன்றுமில்லை.
மூன்று மாதம் சுமந்த அரிசியைக்
கிளம்புமுன் வடித்துத் தின்றோம்.
வியர்வை வாசம் அடிக்குது என்றாள் மகள்.

முதல் நாள் என் காலுக்குப் புரியவில்லை.
பூமி இப்படி முகத்துக்கு நேரே வருமென்று
அதற்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இரண்டாம் நாள் ஓர் ஓடை.
மதகில்லை, ஷட்டரில்லை, முறை வைக்கவில்லை,
கத்திக்கொண்டே விழுந்தது.
கண் தானாகக் கணக்குப் போட்டது: மூன்றுக்கு ஒன்று.
எங்கள் பக்கம் ஆறாயிரத்துக்கு ஒன்று கிடைத்தாலே
கையெடுத்துக் கும்பிடுவோம்.

மூன்றாம் நாள் கூடாரத்தில் தூக்கம் வரவில்லை.
மீட்டரில் சொன்னால் உயரம் மனசில் நிற்கவில்லை;
அறுபதால் வகுத்தேன்.
பஸ் விட்ட இடத்திலிருந்து முப்பது காவிரி.
இருபத்திரண்டு ஏறியிருந்தேன்.

நாலாம் நாள், ராத்திரி ரெண்டு மணி.
நெற்றி விளக்கில் தெரிந்தது
முன்னால் போகிறவரின் குதிகால் மட்டும்.
நாலு அடி, நிற்பு. மூன்று அடி, நிற்பு.
பிறகு வாந்தி.
வழிகாட்டிப் பையன், இருபது வயசிருக்கும்,
என் விரலில் கவ்வியை மாட்டிப் பார்த்தான்.
எனக்குத் தெரிந்த இந்தியில் ஒரே வார்த்தை சொன்னான்.
கீழே.
இன்னும் எவ்வளவு?
இருநூறு மீட்டர்.
கெஞ்சினேன். கொட்டாவி விட்டுக்கொண்டே
என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான்.
இறங்கும்போது அழுதேனா, தெரியாது.
மூக்கிலிருந்து எல்லாமே உறைந்திருந்தது.

ஊரில் ஒரே கேள்வி: உச்சி தொட்டாச்சா?
"மூணு காவிரி பாக்கி."
மேட்டுத் தெருக்காரி கேட்டாள்:
"அதுக்கு உண்டான காசைத் திருப்பித் தருவாங்களா?"

இன்று இடும்பாவனம் பக்கம், கடைமடை.
தன் வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று
நாகூரான் மனு.
முக்காலியை ஊன்றிக் குனிந்தேன்.
முழங்கால் இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை.
கண்ணாடிக்குள் அளவுகோலின் எண்கள்;
நடுவாய்க்காலில் ஒரு மண்திட்டு,
பதினொரு சென்டிமீட்டர்.
அதன்மேல் அவர் ஆட்டைக் கட்டியிருந்தார்.

திட்டை வெட்டியதும்
தண்ணீர் கொஞ்சம் யோசித்தது.
ஒரு வைக்கோலை முன்னே அனுப்பிப் பார்த்தது.
பிறகு வந்தது.

"மலையில என்னம்மா பார்த்தீங்க?"
"அங்க தண்ணிக்கு யாரும் வழி காட்ட வேண்டியதில்ல."
"அப்ப உங்களுக்கு அங்க வேலையே இல்லையே,"
என்றார் நாகூரான்,
ஆட்டை அவிழ்த்து
அடுத்த மேட்டுக்கு இழுத்தபடி.