பன்மை

பெராமாவின் உலர்துறையில்
தண்ணீர் வடிந்த கப்பலின் பின்புறம்
நான்கு இதழ் வெண்கலம்.
ஓர் இதழ் அனார்கிரோஸின் உயரம்.
தொப்பி போட்டால் அவன் ஒரு விரல் கூடுதல்.

இந்த உந்துவிசிறி ஒன்றானால் எலிகா என்பான்.
இரண்டு கப்பல் வந்து நின்றால் எலிகெஸ்.
நம் காதில் ஓர் எலி குறுக்கே ஓடும்;
அவனுக்கு அது சம்பளம்.

வியாழக்கிழமை, நிகேயா மருத்துவமனை,
வெளிச்சப் பலகையில் மனைவியின் தலை.
டாக்டர் பேனா முனையால் தொட்டுச் சொன்னாள்:
"எலிகெஸ் சுருங்கியிருக்கின்றன.
இங்கே. இங்கேயும்."
மூளை மடிப்புகளுக்கும் அதே சொல்தான் என்று
அவனுக்கு யாரும் சொன்னதில்லை.
"எத்தனை?" என்றான்.
பிறகு, "எந்தப் பக்கம் சுற்றும்?"
டாக்டர் சிரிக்கவில்லை. அது பிடித்திருந்தது;
அதனாலேயே பயமாகவும் இருந்தது.

தமிழில் என்றால் தப்பித்திருப்பான்.
விசிறிக்கு ஒரு சொல், மடிப்புக்கு வேறு,
கொடி நீட்டும் பற்றுக்கம்பிக்கு வேறு,
சங்குக்குப் புரி, உச்சந்தலைக்குச் சுழி.
துக்கம் அடுத்த வீட்டுக்குப் போகக்
கதவைத் தட்டியாக வேண்டும்.
அங்கே எல்லாம் ஒரே கூடம்.

மறுநாளும் வேலை.
குழி விழுந்த இதழை வெல்டிங் வைத்து நிரப்பி
அரைத்து, உள்ளங்கையால் தடவினான்.
மேடு தட்டவில்லை.
இதைச் சரிசெய்ய முடிகிறது என்பதே
அன்றைக்கு எரிச்சலாக இருந்தது.
ஃபோர்மேன் இரண்டு முறை கூப்பிட்டார்.

சாயங்காலம் பால்கனி.
திராட்சைக் கொடி கேபிள் வயரைப் பிடித்து
மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது.
பாலிக்ஸெனி இருபது வருஷம்
பள்ளியில் உயிரியல் எடுத்தவள்;
கரும்பலகையில் இரட்டைச் சுருளைக்
கையெடுக்காமல் வரைவாள்.
இப்போது கரண்டியைச் சாவி என்கிறாள்.
அவன் பெயரை, மழைநாள் பஸ்ஸைப் போல,
வரும் வரும் என்று பார்த்திருக்கிறாள்.

விரலை நீட்டி
அவன் வலது காதின் மேல்விளிம்பை,
வெண்கலத் தூள் படிந்த அந்த வளைவை
மெல்லப் பின்தொடர்ந்தாள்.
"எலிகெஸ்."

காதுமடலின் விளிம்புக்கும் அதுதான் பெயர். சரிதான்.
ஆனால் தொட்டது ஒன்று, சொன்னது பல.
ஒருமை, பாலிக்ஸெனி, எலிகா என்று
நாக்கு நுனிவரை வந்தது.

நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து
இடது காதையும் கொடுத்தான்.