நாட்காட்டிக்குப் பின்னால்

சுவரில் நாட்காட்டி தொங்குவது
நாள் பார்க்க அல்ல.
பின்னால் ஒரு குழி.
போன தீபாவளிக்கு முந்தின வாரம்
எழுபத்தொன்பது வெள்ளி கன்ட்ரோலர்
பறந்துபோய்ப் பதிந்த இடம்.

இன்று ஆறு ஆட்டம், ஆறும் தோல்வி.
ஏழாவதில்
என் கூட்டாளி ஒருவன் கதவைக் காக்காமல்
எங்கோ பார்த்துக்கொண்டு நின்றான்.
முடிந்தது.
காது மடல் சுடுகிறது. விரல்கள்
என்னைக் கேட்காமலே தட்டுகின்றன:
குருடா, உனக்கெல்லாம் எதுக்குடா விளையாட்டு.

அனுப்பவில்லை இன்னும்.
எதிர் புளோக்கில், பத்தாவது மாடியோ பதினொன்றோ,
யாரோ மேசையைக் குத்துகிற சத்தம்.
பிறகு, உடைந்த பையன் குரலில்
'அலாமாக்!'

அவனா?
இருக்காது.
ஈசூனில் இரவு ஒன்றரைக்கு
எத்தனை பேர் தோற்றுக்கொண்டிருப்பார்கள்.

பின்னாலிருந்து அழித்துக்கொண்டு வந்தேன்.
விளையாட்டு போனது. உனக்கெல்லாம் போனது.
குருடா மட்டும்
கொஞ்ச நேரம் திரையில் நின்றது,
என்னைப் பார்த்தபடி.

சமையலறை ஜன்னலில்
துணிக்கழியை உள்ளே இழுத்தேன்.
மனோகரியின் சீருடை. ஆறு மணிக்கு வேண்டும் அவளுக்கு.
கையால் துவைத்தது, சொட்டிக்கொண்டிருந்தது.
பிழிந்தேன்.
பல்லைக் கடித்துக்கொண்டு
இன்னொரு தரம் பிழிந்தேன்.
அதில் இன்னும்
எவ்வளவு ஈரம்.