நாற்பத்தைந்து நிமிடக் குதிரை

மீன் சந்தைக்குப் பின்னால் கார் நிறுத்துமிடத்தில்
டிக்கியைத் திறந்து காட்டினான் பையன்.
குழந்தைக் கம்பளி ஒன்றில் சுற்றியிருந்தது.
நானூறு ஸ்வோட்டி என்றான்.
முந்நூற்றைம்பதுக்கு மேல் காலணா கிடையாது என்றேன்.
காற்று காதை அறுத்ததால் ஒப்புக்கொண்டான்.
"எல்லாம் ஓடும்" என்றான்.
எதெல்லாம் என்று நான் கேட்கவில்லை.

க்டினியா துறைமுகத்தில்
இருபத்திரண்டு ஆண்டாகக் கிரேன் ஓட்டுகிறேன்.
நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி,
காலுக்கடியிலும் கண்ணாடி,
கைக்கு ஒன்றாக இரண்டு பிடிகள்.
"வீட்டுக்கு வந்தும் பிடியா, போகுமிவா?"
என்று சிரித்தான் எங்கள் மின்பணியாளன் லெஷெக்.
ஆமாம்.
அடியில் ஆள் நிற்காத ஒரு பிடி.

பொத்தானை அழுத்தினால் முதலில் இருமியது.
சூடேறச் சூடேற
யார் வீட்டிலோ என்றோ வதக்கிய வெங்காய வாசம்.
உள்ளே ஒரு விளையாட்டுத் தட்டு.
எடுக்க மறந்தார்களா, எடுக்க வரவில்லையா,
தெரியாது; அந்த வாய் திறப்பதே இல்லை.
எட்டு வயதுப் பிள்ளைகளுக்கான குதிரை விளையாட்டு.
கயேதன் என்று ஒரு பெயர்.
கயேதனுக்கு ஒரு பழுப்புக் குதிரை.
குதிரையின் பெயர் போஞ்செக்:
ஜாம் திணித்து எண்ணெயில் பொரிக்கும்
எங்கள் ஊர் உருண்டைப் பலகாரம்.

இடது பிடி தேய்ந்துவிட்டது.
கையை எடுத்தாலும் போஞ்செக் இடதுபக்கமே போகிறது.
வேலி வந்தாலும் இடது, பாலம் வந்தாலும் இடது,
கடைசியில் ஆற்றுக்குள்.
துறைமுகத்தில் இப்படி ஒரு பிடி இருந்தால்
அன்றே சிவப்புச் சீட்டு ஒட்டிப் பூட்டிவிடுவார்கள்.
இங்கே, நனைந்த குதிரை கரையேறி
உடம்பைச் சிலுப்பிக்கொள்கிறது.
அவ்வளவுதான்.
ஒரு வாரத்தில் கட்டைவிரல் பழகிக்கொண்டது,
எந்நேரமும் இம்மியளவு வலப்பக்கம் சாய்ந்து.

முதல் இரவு, நாற்பத்தைந்தாவது நிமிடம்,
பாய்ச்சலின் நடுவில் திரை இருண்டது.
கயேதன், இன்றைக்குப் போதும். தூங்கு. அம்மா.
கீழே நான்கு கட்டங்கள்.

ஐம்பத்தொரு வயது எனக்கு.
நான்கு பூஜ்யம் போட்டேன்.
ஒன்று இரண்டு மூன்று நான்கு போட்டேன்.
என்ன நினைத்தேனோ, என் பிறந்த ஆண்டையும் போட்டேன்.
மூன்று தப்பானால்
நாளைக்கு வா என்கிறது.

பையனுக்கு ஃபோன் அடித்துக் கத்தினேன்.
கத்தி முடிக்கும்வரை காத்திருந்தான்.
"நானும் ட்செஃபில் ஒருத்தரிடம்தான் வாங்கினேன்.
அவருக்கும் எண் தெரியாது.
இரண்டு வருஷம், தினம் நாற்பத்தைந்து நிமிடம்தான்."
நான் வைக்கப் போகையில் கேட்டான்:
"போஞ்செக் எப்படி இருக்கிறது?"

ஞாயிற்றுக்கிழமை லெஷெக் வந்தான்.
எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கிவிடலாம்,
இரண்டு நிமிட வேலை என்றான்.
"குதிரை?"
"எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும்தான்."
பீட்ரூட் சூப் ஊற்றிக் கொடுத்து
அனுப்பி வைத்தேன்.

இப்போதெல்லாம் நாற்பதாவது நிமிடமே
லாயத்துக்குத் திரும்பிவிடுகிறேன்.
லாயம் நல்லவேளையாக இடதுபக்கம்.
வைக்கோல் போட்டு, தண்ணீர் காட்டி,
கதவைச் சாத்தவும் அம்மா வரவும் சரியாக இருக்கிறது.
அப்புறம் எண்கள்.
வரிசையாக, நாளுக்கு மூன்று.
மொத்தம் பத்தாயிரம்.
மின்கட்டண ரசீதின் பின்பக்கம் வகுத்துப் பார்த்தேன்,
ஒன்பது ஆண்டும் ஏழெட்டு வாரமும்.
கிரேனிலிருந்து நான் இறங்கவும்
இன்னும் ஒன்பது ஆண்டுதான்.

இன்று
0117
0118
0119.
இல்லை என்றது.
சரி என்று
பல் துலக்கப் போனேன்.